சீஸ் கெட்டுவிட்டதா? முதலில் ஈரத்தைப் பாருங்கள்

சீஸ் தோசை இன்று மயிலாப்பூர் மாட வீதி டிபன் கடை வரைக்கும் வந்துவிட்டது. வீட்டு ஃப்ரிட்ஜிலும் க்யூப், ஸ்லைஸ், பனீர் என்று ஏதாவது ஒன்று எப்போதும் கிடக்கிறது. அதில் ஒரு நாள் பச்சையாக ஒரு புள்ளி தென்படும். அந்த இடத்தைச் சுரண்டிவிட்டுப் பயன்படுத்தலாமா, முழுதாகக் குப்பையில் போட வேண்டுமா?

எல்லாச் சீஸுக்கும் ஒரே பதில் கிடையாது. எது எவ்வளவு ஈரமானது என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி பனீரிலும் மொஸரெல்லாவிலும் 60 சதவீதம் வரை ஈரம் இருக்கலாம். பிராசஸ்டு சீஸில் 47, செடாரில் 39 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கிருமிக்கும் பூசணத்துக்கும் தண்ணீர்தான் ஆதாரம். ஈரம் குறைந்து உப்பு ஏறிய கட்டிச் சீஸில் பூசணம் பெரும்பாலும் மேலோடு நின்றுவிடும். ஈரச் சீஸில் அதன் இழை கண்ணில் படாமல் உள்ளே ஓடிவிடும். கூடவே பாக்டீரியாவும் பெருகியிருக்கும்.

பனீர்

நல்ல பனீர் வெள்ளையாக, காய்ச்சிய பால் மணத்தோடு இருக்கும். தொட்டால் ஈரம் தெரியும், ஆனால் விரலில் ஒட்டாது. மேலே வழவழப்பு வந்தாலோ, ஊசிப்போன வடையைப் பிய்த்தாற்போல் நூல் விட்டாலோ, புளித்த வாடை அடித்தாலோ, மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ திட்டு விழுந்தாலோ அது கெட்டுவிட்டது. பை உப்பியிருந்தால் உள்ளே கிருமி வாயுவை உண்டாக்கியிருக்கிறது என்று பொருள், பிரிக்கவே வேண்டாம்.

அலசி, எண்ணெயில் பொரித்து, மசாலா தூக்கலாகப் போட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. சூட்டில் கிருமி சாகலாம். ஆனால் ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. வீட்டில் பால் திரித்துச் செய்த பனீரை இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுவது நல்லது.

க்யூப், ஸ்லைஸ், துருவல்

பிராசஸ்டு சீஸ் என்பது சீஸை உருக்கி, சில உப்புகளும் பதப்படுத்தும் பொருளும் சேர்த்து மறுபடி வார்த்தது. அதனால்தான் அது அதிக நாள் தாங்குகிறது. ஓரம் காய்ந்து நிறம் கருத்திருந்தால் அது காற்றுப் பட்ட விளைவு. வெயிலில் வைத்து எண்ணெய் துளிர்த்திருந்தால் கொழுப்பு இளகியிருக்கிறது. இவை இரண்டு மட்டும் இருந்தால் கெட்டுவிட்டதென்று முடிவுகட்ட வேண்டாம். பூசணம் வந்துவிட்டால் பேச்சே இல்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். சுற்றிலும் வெட்டி எடுக்க ஒரு க்யூபில் இடம் ஏது? துருவல் பாக்கெட்டில் ஓரிடத்தில் பூசணம் தெரிந்தாலும் மொத்தப் பாக்கெட்டும் போக வேண்டும். அதிலிருக்கும் வெள்ளை மாவு மட்டும் பூசணமல்ல. துருவல் ஒட்டாமலிருக்கத் தூவியது.

கட்டிச் சீஸ்

செடார், பார்மசான் போன்றவற்றைக் காப்பாற்றலாம். பூசணத்தைச் சுற்றியும் அடியிலும் குறைந்தது இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி எடுங்கள். கத்தி பூசணத்தின் மேல் படக் கூடாது. பட்டால் அதுவே நல்ல பகுதிக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மிச்சத்தைப் புதுத் தாளில் சுற்றுங்கள். பழுத்த செடாரின் மேல் வெள்ளையாகப் படிவது சில சமயம் கால்சியம் லாக்டேட் படிகம். விரலால் தேய்த்தால் மணல்போல் நெருநெருக்கும். பூசணமோ மெத்தென்று பஞ்சுபோல் இருக்கும்.

பூசணத்தாலேயே ஆனவை

கொடைக்கானல், ஆரோவில் சீஸ்கள் போக, 2016இல் தொடங்கிய ‘கேஸே’ சென்னையிலேயே கையால் சீஸ் செய்கிறது. இப்படிப் பலவகை சீஸ் கைக்கு எட்டியதும் ஒரு குழப்பமும் வந்திருக்கிறது. பிரீ, கமாம்பேர் வகைகளின் வெள்ளைத் தோலும், ப்ளூ சீஸின் நீல நரம்பும் வேண்டுமென்றே வளர்த்த பெனிசிலியம் பூசணங்கள்; சாப்பிடலாம். அவற்றின் மேல் கறுப்பு, இளஞ்சிவப்பு என்று புது நிறம் முளைத்தால் சாப்பிடாதீர்கள். கமாம்பேரில் லேசான அமோனியா வாடை பழுத்ததன் அடையாளம். மூக்கைத் துளைக்கும் அளவுக்குப் போனால் அதன் காலம் முடிந்தது.

கரண்ட் போனால்

2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம்: இரண்டு புயலிலும் சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமில்லாமல் கிடந்தன. கதவைத் திறக்காமல் வைத்தால் ஃப்ரிட்ஜில் குளிர்ச்சி சுமார் நான்கு மணி நேரம் நிற்கும். அதன் பிறகு 4 டிகிரிக்கு மேலான சூட்டில் இரண்டு மணி நேரம் கிடந்த பனீர், மொஸரெல்லா, க்ரீம் சீஸ், துருவல் எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். செடார், பார்மசான், பிராசஸ்டு சீஸ் ஆகியவற்றை வைத்துக்கொள்ளலாம்.

மே மாதத்தில் பாண்டி பஜாரில் துணிமணி எடுக்கப் போகும்போது பனீரைக் கடைசியாக வாங்குங்கள். 32 டிகிரியைத் தாண்டிய வெயிலில் அதற்குக் கெடு ஒரு மணி நேரம்தான். ராத்திரி கூலரை அணைத்துவிடும் கடைகளும் இருக்கின்றன. ஒன்றோடொன்று ஒட்டி உருக்குலைந்த ஸ்லைஸும், தண்ணீர் தேங்கிய பனீர் பையும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தேதியும் மூக்கும்

பாக்கெட்டிலுள்ள தேதி, பிரிக்காமல் குளிரிலேயே இருந்த சீஸுக்கு மட்டுமே பொருந்தும். பிரித்த நாளை மேலேயே எழுதி வையுங்கள். மூக்கையும் முழுதாக நம்ப முடியாது: நாற்றமடித்தால் கெட்டது என்பது உறுதி, நாற்றமில்லை என்பதால் நல்லது என்று ஆகிவிடாது. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும், வாடையும் காட்டாது. கர்ப்பிணிகள், முதியவர்கள், சிறு குழந்தைகளுக்கு அது ஆபத்து. சந்தேகமான மென்மையான சீஸை அவர்களுக்குக் கொடுக்கவே வேண்டாம். சோதிப்பதற்காக நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் யாருக்குமே நல்லதில்லை.

கட்டிச் சீஸை வெண்ணெய்த்தாளில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜின் உள்தட்டில் வையுங்கள். திறந்து மூடும் கதவுத்தட்டில்தான் குளிர்ச்சி குறைவு. பெரிய கட்டி வாங்கினால் மலிவு என்பது கடைக்கணக்கு. பாதி குப்பைக்குப் போகும் வீட்டுக்கு 200 கிராம்தான் லாபம்.