தாடைக்கடியில் ஒரு வார்

சைக்கிளில் செல்லும்போது தலைக்கவசம் அணிகிறீர்களா? நன்று. அதன் வாரைக் கவனித்ததுண்டா?

தலை 1.5 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதாகக் கொள்வோம். அது நொடிக்கு ஏறத்தாழ 5.4 மீட்டர் வேகத்தில் தரையில் மோதும். (ஐரோப்பியத் தரச் சோதனையில் கவசத்தைத் தட்டையான இரும்பின்மேல் போடுவதும் இவ்வேகத்தில்தான்.) கவசத்தினுள் இருக்கும் நுரை, நம் தெர்மகோலின் உறவுப்பொருள், 2 சென்டிமீட்டர் நசுங்கித் தலையை நிறுத்துவதாக வையுங்கள். 1.5 மீட்டரை 2 சென்டிமீட்டரால் வகுத்தால் 75. சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 75 மடங்கு என்பது இதன் பொருள். வெறுந்தலையில் தோலும் எலும்பும் 2 மில்லிமீட்டரே இடம் கொடுத்தால்? 750 மடங்கு!

மோதும் கணத்தில் நுரை தலைக்கும் தரைக்கும் நடுவே இருந்தால்தான் இக்கணக்குச் செல்லும். வார் தளர்ந்திருந்தால் கவசம் பின்னோக்கிப் புரண்டு நெற்றி வெளிப்படும். முதல் மோதலில் அது கழன்றுவிட்டால், அடுத்த மோதலுக்குத் தலை தனியேதான்.

பக்க வார்கள் காதுமடலுக்குச் சற்றுக் கீழே சந்திக்கட்டும். தாடைக்கும் வாருக்கும் இடையே இரு விரல் நுழையலாம். மூன்றாவது நுழையக் கூடாது. பெரிதாகக் கொட்டாவி விட்டுப் பாருங்கள் (வகுப்பில் வேண்டாம்!). கவசம் தலையை மெல்லக் கீழே அழுத்த வேண்டும். பிறகு முன்விளிம்பை மேல்நோக்கித் தள்ளுங்கள். கவசம் பின்னால் சரிகிறதா? முன்வாரைச் சற்றுக் குறுக்கி, மறுபடி தள்ளிப் பாருங்கள்.