பைத்தான் மொழிக்கான தொகுக்கப்பட்ட நீட்சிகள்: தமிழ் எழுத்தெண்ணும் கூறு ஒன்றன்வழி விளக்கம்

முன்னுரை

தமிழ் மின்தரவுகளை ஆராய்வோர் பைத்தான் நிரல்மொழியைப் பரவலாகப் பயன்படுத்துகின்றனர். ஆயினும் பல இலட்சம் வரிகளை எழுத்தெழுத்தாக ஆராயும்பொழுது அதன் வேகம் குறைகின்றது. ஒவ்வொரு படியையும் இயங்கும்பொழுதே பொருள்கொண்டு நிறைவேற்றுவது அதற்குக் காரணம். அப்பகுதியை மட்டும் சி மொழியில் எழுதி, இயந்திர மொழிக்கு மாற்றிப் பைத்தானுடன் இணைக்கலாம். இதுவே தொகுக்கப்பட்ட நீட்சி எனப்படும். விண்டோஸில் விசுவல் ஸ்டூடியோவைக் கொண்டு இதனை உருவாக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகின்றது.

எண்ணப்படுவது எது?

'தமிழ்' என்னும் சொல்லில் மூன்று எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியிலோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிப்புள்ளிகள்; யூடிஎஃப்-8 வடிவில் அவை 15 பைட்டுகள். பைத்தானின் நீளம் காணும் செயற்கூறு 5 என்றே விடை தரும். யாப்பாய்வில் இவ்வெண் பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும். உயிர்க்குறிகளையும் புள்ளியையும் விடுத்து, எஞ்சிய எழுத்துகளை எண்ணுவதே நீட்சியின் பணி. 'கொ' என்பது இரண்டு குறிப்புள்ளிகளாகவோ மூன்றாகவோ பதிவாகியிருக்கலாம். இம்முறையில் இரண்டும் ஓரெழுத்தே. க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றுக்குத் தனி விதி வேண்டும்.

உருவாக்கும் முறை

விசுவல் ஸ்டூடியோவில் டிஎல்எல் வகைத் திட்டமொன்றைத் தொடங்கி, விளைவுக் கோப்பின் பின்னொட்டைப் 'பிஒய்டி' என மாற்றுதல் வேண்டும். பைத்தானின் தலைப்புக் கோப்புகளும் இணைப்பு நூலகமும் உள்ள கோப்புறைகளைத் திட்டப் பண்புகளில் சுட்டுதல் வேண்டும். தொடக்கச் செயற்கூற்றின் பெயர் 'பைஇனிட்_' என்பதை அடுத்துக் கூற்றின் பெயரைக் கொண்டிருக்கும். அது கோப்பின் பெயருடன் ஒவ்வாவிடில் இறக்குமதி தோல்வியுறும். பைத்தான் 64 பிட் எனில் நீட்சியும் 64 பிட்டாகவே அமைதல் வேண்டும்.

பிழை நேரும் இடங்கள்

பிழைநீக்க அமைப்பில் தொகுத்தால், '_டி' என முடியும் பைத்தான் நூலகம் தேடப்படும். பைத்தானை நிறுவியபொழுது அக்கோப்புகளைத் தேர்ந்திராவிடில் இணைப்புப் பிழை தோன்றும். வெளியீட்டு அமைப்பில் தொகுப்பது எளிய தீர்வு. மூலநிரலில் தமிழ்ச் சரங்கள் இருப்பின், தொகுப்பிக்கு யூடிஎஃப்-8 என்னும் விருப்பத்தை அளித்தல் நன்று. இன்றேல் அவை கணினியின் வேறு குறிமுறையில் படிக்கப்பட்டுச் சிதையக்கூடும். பொருள்களின் சுட்டெண்ணிக்கையைக் குறைக்க மறந்தால் நினைவகம் வீணாகும். மிகையாகக் குறைத்தால் பைத்தானே நிலைகுலையும்.

முடிவுரை

பொதுவாக ஒரு பதிப்புக்குத் தொகுத்த நீட்சி மற்றொன்றில் இயங்காது. 2011-இல் வெளிவந்த பைத்தான் 3.2 அறிமுகப்படுத்திய வரையறுக்கப்பட்ட இடைமுகத்தைப் பின்பற்றினால், ஒரே கோப்பு பிந்தைய பதிப்புகளிலும் இயங்கும். எனினும் வேகத்தினும் சரியான விடையே ஆய்வுக்கு முதன்மையானது. ஆதலின் அதே விதியைத் தூய பைத்தானிலும் எழுதி, சிறு தரவொன்றில் இரு விடைகளையும் ஒப்பிட்ட பின்னரே நீட்சியைப் பெருந்தரவுக்குப் பயன்படுத்துதல் தகும்.