உங்களுக்குத் தெரியுமா? ஓடி வந்தவர் ஏன் நிற்கிறார்?

கேரளத்தில் 108 ஆம்புலன்ஸ் 2010-இல் முதலில் ஓடத் தொடங்கிய ஊர் திருவனந்தபுரம். அந்த வண்டியிலிருந்து இறங்கும் மருத்துவ உதவியாளர் அடிபட்டவரிடம் பாய்வதில்லை. ஒரு கணம் நின்று பார்க்கிறார். நனைந்த சாலையில் மின்கம்பி அறுந்து கிடக்கிறதா, பெட்ரோல் ஒழுகுகிறதா, எத்தனை பேருக்கு அடி? வளைந்த ஸ்டீயரிங்கைக் கண்டாலே, வெளியே ரத்தம் தெரியாவிட்டாலும் நெஞ்சுக்குள் காயம் இருக்கலாம் என்று சந்தேகிப்பார்.

“உயிர் துடிக்குது, வேடிக்கை பார்க்கிறாரே!” என்று கூட்டம் கத்துவதிலும் நியாயம் உண்டு, ரத்தம் பீறிட்டால் சில நிமிடங்களே மிஞ்சும். ஆனால் இந்தப் பார்வைக்குச் செலவாவது சில நொடிகள்தான். அது தவறினால் என்னவாகும் என்பதற்கு 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் நடந்ததே சாட்சி. பாதாளச் சாக்கடைக் குழிக்குள் சிக்கிய இரு தொழிலாளர்களைக் காப்பாற்ற ஓர் ஆட்டோ ஓட்டுநர் இறங்கினார், மூவருமே இறந்தார்கள். அவர் துணிச்சலில் குறையே இல்லை. நச்சுவாயு கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட இடத்தில் உதவியாளர் விளிம்பிலேயே நின்று, மூச்சுக்கருவியோடு வரும் தீயணைப்புப் படையை அழைப்பார். பலர் விழுந்து கிடந்தாலோ, முதல் வேலை சிகிச்சைகூட அல்ல, கூடுதல் வண்டி கேட்பது. அலறுபவருக்கு மூச்சு ஓடுகிறது. சத்தமில்லாமல் கிடப்பவரிடம்தான் முதலில் குனிவார்.