கார்புரேட்டரைக் கழற்றும் முன்

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ல் உருவானது கோல சிலாங்கூர் மாவட்டத்தில், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தென்னமரத்தில். அன்று தொடங்கி ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம் என்று வட்டாரம் முழுக்கப் பரவிய செம்பனைக்கு நடுவே உரமூட்டையும் குலையும் ஏற்றிப் பிழைத்த வண்டிகளில் டட்சன் 620, 720, பழைய டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பெட்ரோல் பிக்கப்புகளுக்குத் தனி இடம் உண்டு. இவற்றில் கணினி கிடையாது, கார்புரேட்டர்தான். ஐட்லிங்கில் வண்டி நடுங்கினாலும், மிதித்தவுடன் திணறினாலும், கரும்புகை தள்ளினாலும், பெட்ரோல் அதிகம் குடித்தாலும் பட்டறையில் உடனே வரும் தீர்ப்பு ஒன்றே: “கார்புரேட்டர் போச்சு.” இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு. சந்தேகம் முதலில் விழும் பொருள் கார்புரேட்டர் என்றாலும், ஸ்பேனர் கடைசியில்தான் அதன்மேல் விழ வேண்டும்.

காரணம் அது வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. எஞ்சின் காற்றை இழுக்கிறது. கார்புரேட்டரின் குறுகிய தொண்டை வழியாகக் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு, மிதவைக் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலை ஜெட் துளை வழியாக மேலே உறிஞ்சித் தூவுகிறது. வில்ஹெல்ம் மேபாக் 1893-ல் தூவும் கார்புரேட்டரை உருவாக்கிய நாளிலிருந்து அடிப்படை இதுதான். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும்; கார்புரேட்டரின் கடமை இந்த விகிதத்தை ஒட்டிப் பெட்ரோல் கொடுப்பது. ஆனால் தானாக முடிவெடுக்கும் சக்தி அதற்கு இல்லை. எஞ்சின் எப்படி இழுக்கிறதோ அப்படியே அது கொடுக்கும். வால்வு சரியாக மூடாவிட்டாலும், டைமிங் தள்ளிப்போனாலும், வேறு ஓட்டை வழியே காற்று நுழைந்தாலும் அந்த இழுப்பு கெடுகிறது. பழி கார்புரேட்டர்மேல் விழுகிறது.

பிளக்கையே சாட்சிக்கு எடுத்துக்கொள்வோம். கழற்றிப் பார்த்தால் கரி பிடித்துக் கறுத்திருக்கிறது. பெட்ரோல் அதிகம், கார்புரேட்டர் கோளாறு என்று படுகிறது. ஆனால் பொறி பலவீனமாக இருந்தாலும் பிளக் இதே மாதிரிதான் கறுக்கும். சரியான அளவு பெட்ரோல் வந்தும் எரியாமல் போனால் விளைவு ஒன்றுதான். பாயிண்ட் உள்ள வண்டிகளில் அதன் முனை தேய்ந்து குழி விழுந்திருக்கலாம், கண்டென்சர் செத்திருக்கலாம், காற்றின் ஈரம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் படிந்து பொறியைத் திருடியிருக்கலாம். காற்று வடிகட்டியில் செம்மண் தூசு அடைத்திருந்தாலும் பிளக் கறுக்கும். பழைய டட்சன்களில் பாயிண்ட் இடைவெளி அரை மில்லிமீட்டர் சுற்றில் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்கச் சில நிமிடம் போதும். இதைப் பார்க்காமல் கார்புரேட்டரைத் திறப்பவர் ஊகத்தின் மேல் வேலை செய்கிறார்.

அடுத்தது காற்றுக் கசிவு. இதை நம் வட்டாரத்தில் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். தோட்டத்துச் செம்மண் பாதையின் அதிர்ச்சி கார்புரேட்டரின் அடி நட்டுகளைத் தளர்த்தும், கேஸ்கட்டைத் தின்னும். எஞ்சின் வெப்பம் ரப்பர்க் குழாய்களை வெடிக்க வைக்கும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயில் சிறு கீறல் விழுந்தாலே ஐட்லிங் ஆடும். கண்டுபிடிக்க எளிய வழி: சூடான எஞ்சின் ஓடும்போது சோக்கைக் கொஞ்சம் இழுங்கள். ஓட்டம் சீரானால் பெட்ரோலுக்கு மிஞ்சிய காற்று உள்ளே போகிறது. கார்புரேட்டர் அடியிலும் மேனிஃபோல்டு ஓரத்திலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறும் இடத்தில் ஓட்டை இருக்கிறது. சிலர் இதற்குப் பெட்ரோலைத் தெளிக்கிறார்கள். சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் அது தீ விபத்துக்கு அழைப்பு, தயவுசெய்து வேண்டாம். வேக்குவம் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. நல்ல எஞ்சின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் காட்டும். மலையூர்களில் உயரத்துக்கேற்ப இந்தக் கணக்கைக் குறைக்க வேண்டும்; கடல் மட்டத்தை ஒட்டிய கோல சிலாங்கூரில் அந்தத் தொல்லை இல்லை. முள் தாழ்வாக அசையாமல் நின்றால் கசிவு அல்லது பிந்திய டைமிங். ஒரே தாளத்தில் துடித்து விழுந்தால் வால்வைப் பாருங்கள்.

பெட்ரோல் வரும் வழியையும் பார்க்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓடி நின்றுபோய், டேங்க் மூடியைத் திறந்ததும் மறுபடி ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. வெயிலில் குலை எடை போடக் காத்து நின்றபின் ஸ்டார்ட் ஆக மறுத்தால், எஞ்சின் சூட்டில் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்திருக்கக்கூடும்.

இத்தனையும் பார்த்தபின் மிஞ்சும் குற்றம் கார்புரேட்டருடையது, அது தன் அடையாளத்தோடு வரும். சாலையில் நன்றாக ஓடி, கால் எடுத்ததும் அணைந்தால் ஐட்லிங் ஜெட் அடைப்பு. அல்லது சாவியைத் திருப்பியதும் பெட்ரோலைத் திறந்துவிடும் சொலினாய்டு செத்திருக்கிறது. சாவி போடும்போது அதில் ‘டக்’ என்ற ஓசை கேட்காவிட்டால் முதலில் ஒயரைப் பாருங்கள். திடீரென மிதிக்கும்போது மட்டும் திணறினால் ஆக்சிலரேட்டர் பம்ப். எஞ்சினை அணைத்து, தொண்டைக்குள் பார்த்தபடி த்ராட்டிலை அசைத்தால் மெல்லிய பெட்ரோல் பீறல் தெரிய வேண்டும். பாரத்தோடு மேடேறும்போது மட்டும் சோர்ந்தால் மெயின் ஜெட், அல்லது தாழ்ந்த மிதவை மட்டம். பெட்ரோல் வழிந்து வாடை அடித்தால் ஊசி வால்வு மூடவில்லை. பழைய டட்சன்களின் ஹிட்டாச்சி கார்புரேட்டரில் மிதவைக் கிண்ணத்துக்கு ஒரு கண்ணாடிச் சன்னலே உண்டு; எதையும் கழற்றாமல் பெட்ரோல் மட்டத்தைப் பார்க்கலாம். அந்தச் சன்னலைத் துடைத்துக்கூடப் பார்க்காமல் கிண்ணத்தைப் பிரிப்பது வருத்தத்துக்குரியது.

“கழற்றிக் கழுவினோம், வண்டி சரியாகிவிட்டதே” என்பார்கள். உண்மைதான், பல நேரம் சரியாகும். ஆனால் கழுவும்போது கேஸ்கட் புதிதாகிறது, நட்டு இறுகுகிறது, குழாய் மாறுகிறது, வடிகட்டியும் மாறுகிறது. எது குணப்படுத்தியது என்று யாருக்கும் தெரியாது. அதே கோளாறு மூன்று மாதத்தில் திரும்பினால் மறுபடி கழுவல்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் காரணம் பிடிபடும். “பழசோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும், புதிதாக ஒன்றை வாங்கிப் போடு” என்பது இன்னொரு வாதம். பாயிண்ட் கெட்ட வண்டியில் புதிய கார்புரேட்டரும் பிளக்கைக் கறுக்கவைக்கும். அதோடு, நகல் கார்புரேட்டரின் ஜெட் அளவு உங்கள் எஞ்சினுக்குப் பொருந்தும் என்ற உறுதி கிடையாது. அனுபவசாலியின் காது போதாதா என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. அந்தக் காது அரிய திறமை. எஞ்சின் தவறுகிறது என்பதை நொடியில் சொல்லிவிடும். பொறி இல்லாத தவறலும் பெட்ரோல் போதாத தவறலும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றாக ஒலிப்பதால், அங்கிருந்து சோதனை தொடங்க வேண்டும்.

இதில் காசும் சம்பந்தப்பட்டிருக்கிறது. 2025 செப்டம்பர் இறுதியில் பூடி95 திட்டம் தொடங்கியபோது மலிவு விலை ரோன்95 பெட்ரோல் மாதம் 300 லிட்டர் வரை, லிட்டர் 1.99 ரிங்கிட் என்று வரம்பு வந்தது. கரும்புகை தள்ளும் பிக்கப் அந்த வரம்பைச் சீக்கிரமே தின்றுவிடும்.

கடைசியில் திறக்கத்தான் வேண்டுமென்றால், மிக்ஸ்சர் ஸ்க்ரூவை முதலில் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்கார்ந்தது என்று எழுதி வையுங்கள். திரும்பப் பூட்டும்போது அதே சுற்றுக்கு வெளியே கொண்டுவரலாம். ஜெட்டுகளின் துளை அளவைக் குறிக்கும் எண் அவற்றிலேயே பொறித்திருக்கும். இடம் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். கம்பியால் ஜெட்டைக் குத்த வேண்டாம், கிளீனர் திரவமும் காற்றழுத்தமும் போதும். கம்பி உரசிப் பெரிதான துளையைத் திரும்பச் சிறிதாக்க வழியில்லை.