முடிவு தெரிந்த வேட்டை

முடிவு யாதாகுமோ என்னும் ஐயமே ஒற்றர் நவீனத்தின் உயிர்நாடி என்பது பலர் கொண்ட கொள்கை. அக்கொள்கையைப் பொய்ப்பித்த நூலொன்று 1971ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பிரடெரிக் போர்சைத் எழுதிய ‘த டே ஒவ் த ஜக்கால்’ என்பதே அது. பிரெஞ்சுச் சனாதிபதி சார்ள்ஸ் டி கோலைக் கொல்ல அமர்த்தப்பட்ட கூலிக் கொலைஞன் ஒருவனைப் பொலிசார் வேட்டையாடுவதே கதை. டி கோல் எவர் கையாலும் மடிந்தவரல்லர். 1970 நவம்பரில் தமது இல்லத்திலே இயற்கை மரணம் எய்தியவர். கொலைஞன் தோற்பான் என்பதை முதற் பக்கத்திலேயே வாசகன் அறிவான். இத்தகைய கதையை யார் வாசிப்பர் எனக் கூறியே பதிப்பகத்தார் சிலர் கையெழுத்துப் பிரதியைத் திருப்பியனுப்பினர்.

கதையின் வாயிலில் நிற்பது உண்மை வரலாறு. அல்ஜீரியாவுக்குச் சுதந்திரம் வழங்கியமையைத் துரோகமெனக் கருதிய இரகசியப் படை அமைப்பினர் டி கோலைப் பன்முறை கொல்ல முயன்றனர். 1962 ஓகஸ்ட் 22ஆந் திகதி பாரிஸ் நகர்ப்புறத்திலே, பெத்தி கிளமார் என்னுமிடத்தில், அவர் சென்ற காரின்மீது நூற்றுக்கு மேற்பட்ட வேட்டுக்கள் தீர்க்கப்பட்டன. அவரும் மனைவியாரும் காயமின்றித் தப்பினர். தலைமை தாங்கிய பஸ்தியன் தீரி 1963 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். போர்சைத் அக்காலத்தில் ரொய்ட்டர் செய்தியாளராகப் பாரிஸில் இருந்தவர்.

கற்பனை இதன்பின்னரே தொடங்குகிறது. அமைப்பினுள் அரசின் ஒற்றர் புகுந்துவிட்டமையால், எவரும் அறியாத ஆங்கிலேயன் ஒருவனை ஐந்து இலட்சம் டொலருக்கு அமர்த்துகின்றனர். அவன் கல்லறையொன்றில் இறந்த குழந்தையின் பெயரைக் கண்டெடுத்து, பிறப்புச் சான்றிதழ் பெற்று, அப்பெயரிலே கடவுச்சீட்டும் பெறுகிறான். துப்பாக்கியைக் கழற்றி ஊன்றுகோலினுள் மறைக்கிறான். எதிர்ப்புறத்தில் நிற்பவர் லெபெல் என்னும் எளிய அதிகாரி. பெயரும் முகமும் அறியாத ஒருவனை எங்ஙனம் தேடுவது? இங்கேதான் ஆசிரியரின் திறன் தெரிகிறது. துப்பாக்கியாற் செய்யும் வேட்டையன்று இது. தொலைபேசியாலும் பதிவேடுகளாலும் செய்யும் வேட்டை. கடவுச்சீட்டு விண்ணப்பங்களை இலண்டனில் மரணப் பதிவுகளோடு ஒப்பிடும் எழுதுவினைஞர் வேலையே கொலைஞனை முதலிற் காட்டிக்கொடுக்கிறது. ‘வெல்வானா’ என்ற வினாவின் இடத்தில் ‘எங்ஙனம்’ என்ற வினா அமர்கிறது. இராம காதையை ஆண்டுதோறும் கேட்போரும் முடிவறியாது கேட்பவரல்லரே!

இக்கடவுச்சீட்டுத் தந்திரம் ஏட்டோடு நிற்கவில்லை. பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர் ஜோன் ஸ்ரோன்ஹவுஸ் 1974இல் இறந்தவரொருவரின் பெயரிற் கடவுச்சீட்டுப் பெற்றுத் தலைமறைவானார்.

எனினும் நூலிற் குறையுமுண்டு. அமைப்பின் காவலனொருவனை, மகளின் நோயைக் காட்டிப் பொறியில் வீழ்த்தி, சித்திரவதை செய்தே ‘நரி’ என்ற சொல்லை அரசு பெறுகிறது. அதன் அறம் குறித்து ஆசிரியர் பெரிதும் கவலையுற்றிலர். மேலும், கொலைஞனின் நுணுக்கத்தில் ஈடுபட்ட வாசகன், அவன் எல்லையைத் தாண்டும்போது பொலிசாருக்காக வருந்துவதில்லை. அவன் தப்பவேண்டுமென்றே விரும்பிவிடுகிறான். இது எழுத்தின் வெற்றியா, வாசகனின் வீழ்ச்சியா?

1963 ஓகஸ்ட் 25. பழைய போர்வீரர் ஒருவருக்குப் பதக்கம் சூட்டிய டி கோல், கன்னத்தில் முத்தமிடக் குனிகிறார். குண்டு தலைக்குப் பின்னாற் பாய்கிறது. அடுத்த குண்டுக்கு முன் லெபெல் வந்துவிடுகிறார். கொலைஞன் பெயரற்ற புதைகுழியில் அடக்கஞ் செய்யப்படுகிறான். அவன் உண்மையில் யாரென்பது இறுதிவரை எவருக்கும் தெரியவில்லை.