மந்திர் மார்க்கிலிருந்து கிளிமஞ்சாரோவுக்கு

தலைநகர்த் தமிழர்க்கு மந்திர் மார்க் புதிய இடமன்று. முன்னாளில் ரீடிங் ரோடு என்று வழங்கிய அச்சாலையில்தான் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியொன்று இருக்கிறது. 1939-இல் காந்தியடிகள் திறந்து வைத்த லட்சுமி நாராயணர் ஆலயமும் அங்கேதான். ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் முதலில் அழைத்துச் செல்வது அவ்வாலயத்துக்கே. ஆனால் அதே சாலையில் நம்மவர் கவனியாமல் கடந்து போகும் நிலையம் ஒன்றும் உண்டு. அயல்நாடு செல்வோர்க்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போடும் இடம் அது. சென்ற வாரம் அதன் வாயிலில், பாஸ்போர்ட்டும் கையுமாக நாம் வரிசையில் நின்றோம்.

காரணம் கிளிமஞ்சாரோ. நம் சங்கத்துக் குடும்பங்கள் நான்கு சேர்ந்து, பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூன் மாதக் கடைசியில் அம்மலைக்குச் செல்ல உத்தேசித்திருக்கின்றன. அங்கு மார்ச்சு முதல் மே வரை பெருமழை, நவம்பரில் சிறுமழை. ஜூன் பிற்பகுதியில் வானம் தெளிந்துவிடும்.

தான்சானியா நாட்டிலுள்ள அம்மலை 5,895 மீட்டர் உயரமுடையது. ஆப்பிரிக்கக் கண்டத்தில் அதனினும் உயர்ந்தது இல்லை. ஷீரா, மவென்சி, கிபோ என்னும் மூன்று எரிமலைகள் சேர்ந்து உண்டான மலை அது. முன்னவை இரண்டும் அவிந்தவை, கிபோ உறங்குகிறது. அதன் வாயிலிருந்து இன்றும் கந்தக ஆவி கசிகிறதெனினும், மனிதர் எழுதி வைத்த வரலாற்றுக் காலத்தில் அது வெடித்ததில்லை. ஆகவே நெருப்புக்கு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது காற்றுக்கு. உச்சியில் நம் நுரையீரலுக்குக் கிட்டும் பிராணவாயு, கடற்கரையில் கிட்டுவதில் ஏறத்தாழப் பாதிதான்.

முதலில் ஊசியின் செய்தியைச் சொல்லி விடுவோம். தில்லியிலிருந்து செல்வோர் பலர் நைரோபியிலோ அடிஸ் அபாபாவிலோ விமானம் மாறுகின்றனர். கென்யாவும் எத்தியோப்பியாவும் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள். அந்நாடுகளில் தங்கிவிட்டுச் சான்றிதழின்றித் திரும்புவோரை நம் அரசினர் 6 நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகே சான்றிதழ் செல்லும்; 2016 முதல் அது ஆயுள் முழுமைக்கும் செல்லும். இம்மருந்து கோழி முட்டையில் வளர்த்தெடுக்கப்படுவது. முட்டை ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். முட்டையே தொடாத வீட்டுப் பிள்ளைக்கு அது ஒவ்வுமா ஒவ்வாதா என்று யார் அறிவார்? நம் வரிசையில் நின்ற அம்மையார் ஒருவர் இக்கேள்வியைக் கேட்டு மருத்துவரையே சற்று யோசிக்க வைத்துவிட்டார். அறுபதைக் கடந்தவர்களும் தம் மருத்துவரைக் கலந்த பின்பே போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் குழுவில் அவ்வாறு ஒருவர் இருக்கிறார். அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.

இனி வழி. உரிமம் பெற்ற வழிகாட்டியின்றி அம்மலையில் ஏறப் பூங்கா விதி இடங்கொடாது. ஆகவே ஒரு நிறுவனத்தை நாடியே ஆக வேண்டும். பல நிறுவனத்தார் விலை அனுப்பினார்கள். மலிவானவை எல்லாம் ஐந்து நாள் பிரயாணங்களாக இருந்தன. பூங்காவுக்குரிய கட்டணம் நாட்கணக்கில் விதிக்கப்படுகிறது. ஆதலால் ஒரு நாளைக் குறைத்தால் விலையும் குறைகிறது.

மரங்கு என்னும் பாதையில் படுக்கையுள்ள மரக்குடில்கள் உண்டு. குழந்தைகளோடு செல்வோர்க்கு அதுவே சௌகரியம். முதல் இரவு தங்கும் மந்தாரா குடில் ஏறக்குறைய 2,720 மீட்டரில் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் பாற்கடல் கடைந்த மந்தரமலை நினைவுக்கு வருகிறது. ஆனால் அது மோஷிப் பகுதியை ஆண்ட ஒரு தலைவரின் பெயராம். நம் தொட்டபெட்டாவின் உச்சி 2,637 மீட்டர். அதற்கும் மேலே முதல் இரவுப் படுக்கை! அடுத்த இரவு ஹொரோம்போ, 3,720 மீட்டர். லே நகரத்தினும் உயரம். அதற்கடுத்தது கிபோ குடில், 4,720 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேல், ஓர் இரவுக்கும் மறு இரவுக்கும் படுக்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடலாகாது என்பது மலை மருத்துவர்களின் அறிவுரை. இங்கோ ஒவ்வொரு நாளும் ஆயிரம் கூடுகிறது.

எங்களுள் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் தம் மகனுடன் இவ்வழியே ஐந்து நாள் பிரயாணமாகச் சென்றவர். ஹொரோம்போவிலேயே பையனுக்குத் தலைவலி. தகப்பனார் வைப்பு நிதியிலிருந்து பணம் எடுத்திருக்கிறார் என்பதை அறிந்த பிள்ளை, வாய் திறக்கவில்லை. நள்ளிரவில் உச்சிக்குப் புறப்பட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். குடித்தவனைப் போலக் கால் தள்ளாடியது. வழிகாட்டி அக்கணமே திரும்பினார். இன்னும் சற்றுப் பார்க்கலாமே என்று தகப்பனார் வாதாடினார், பணத்தையும் குறிப்பிட்டார். வழிகாட்டி ஒன்றும் பேசாமல் பையனின் தோளைப் பற்றிக்கொண்டு இறங்கத் தொடங்கிவிட்டார். விடியுமுன் ஹொரோம்போ சேர்ந்தனர்; பையன் தெளிந்தான். நடை தள்ளாடுவது மூளையில் நீர் கோப்பதன் அறிகுறி என்றும், இறங்குவதே அதற்கு முதல் மருந்து என்றும் பின்னர்தான் தெரிந்தது. அன்று வழக்காடியதை எண்ணினால் இன்றும் நாணமாக இருக்கிறது என்கிறார் அவர்.

ஆகவே ஏழு நாள் என்று தீர்மானித்தோம். ஹொரோம்போவில் இரண்டு இரவுகள் கூடுதலாகத் தங்கி, பகலில் மேலே நடந்து இரவில் கீழே வந்து உறங்குவதாக ஏற்பாடு. இதற்காக ஒரு குடும்பத்தார் மகளுக்கு வாங்கவிருந்த கணிப்பொறியைத் தள்ளிப் போட்டனர். அக்குடும்பத்துக் கடைக்குட்டிக்கு வயது 8. பத்து வயது நிரம்பாதவர் உச்சிக்குச் செல்ல அனுமதியில்லை. அவனும் பாட்டியும் மந்தாராவரை வந்து திரும்புவர். தலைவலியை மறைப்பதில்லை என்று பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் உறுதி வாங்கியிருக்கிறோம். பெரியவர்களிடம் வாங்குவதுதான் கடினமாக இருந்தது.

நிறுவனத்தாரிடம் நாம் கேட்ட மற்றொரு கேள்வி சுமைகாரர்களைப் பற்றியது. ஒருவர் தலைக்கு 20 கிலோவுக்கு மேல் ஏற்றலாகாது என்பது விதி. சுமையை நிறுக்கிறீர்களா, அவர்களுக்கு எத்தனை வேளை உணவு, எங்கே உறங்குகிறார்கள் என்று எழுதிக் கேட்டோம். இருவர் பதிலே எழுதவில்லை. விவரமாக எழுதியவரையே அமர்த்தியிருக்கிறோம். எரிமலை மண் நீரை உறிஞ்சிவிடுவதால் ஹொரோம்போவுக்குச் சற்று மேலே நீர்நிலை முடிந்துவிடுகிறது. கிபோ குடிலில் நாம் குடிக்கும் ஒவ்வொரு வாய் நீரும் ஒருவர் சுமந்து வந்தது. நம் ரசப்பொடியும் ஊறுகாயும் அந்த இருபது கிலோவுக்குள் அடங்க வேண்டும் என்பதைச் சமையற்கட்டில் முன்பே அறிவித்துவிட்டோம்.

உச்சிக்கு ‘உகுரு’ என்று பெயர்; சுவாகிலி மொழியில் விடுதலை. 1961 டிசம்பரில் தங்கனீகா விடுதலை பெற்றபோது அங்கே தீபமேற்றி அப்பெயரிட்டனர். அதற்கு முன் ஒரு ஜெர்மானிய மன்னரின் பெயர் இருந்தது. 1889-இல் முதலில் ஏறிய ஹான்ஸ் மேயர் இட்ட பெயர் அது. அவருக்கு வழிகாட்டியவர் என அந்நாட்டார் போற்றும் யோஹானி லாவுவோ என்பவர் மரங்கு ஊரினர். அவ்வூர் வழிகாட்டிகள் ஏறுவோரிடம் ஓயாமற் சொல்லும் சொல், ‘போலே போலே’. மெல்ல மெல்ல என்று பொருள்.

அதுவரை நமக்கு மந்திர் மார்க்கின் பின்புறத்து ரிட்ஜ் காடுதான் மலை. கால்களைப் பழக்கலாமேயொழிய, மூச்சைப் பழக்க அது உதவாது. ஞாயிறுதோறும் காலை ஐந்தரை மணிக்கு ஆலய வாயிலில் கூடுகிறோம். மலைக்கென வாங்கிய பூட்சை அணிந்து வருக. கொப்புளம் வருவதானால் தில்லியிலேயே வந்து ஆறட்டும்.