சுடத் தவறல் (துப்பாக்கி)

சுடத் தவறல் என்பது, துப்பாக்கியின் விசையை இழுத்த பின்னும் அதிலுள்ள தோட்டா வெடிக்காமல் போவதைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இது மிஸ்ஃபயர் எனப்படும். "டக்" என்ற ஒலி மட்டும் கேட்கும். வெடிச்சத்தமோ பின்னுதைப்போ இராது. எல்லா வகைச் சுடுகலன்களிலும் இது நிகழக்கூடும். இக்கட்டுரை சிறப்பாக, பறவை வேட்டைக்கும் பயிர்க் காவலுக்கும் பயன்பட்டு வந்த ஈயரவைத் துப்பாக்கியை எடுத்துக்கொள்கிறது. ஒரே வெடியில் பல சிறு ஈயக்குண்டுகளைச் சிதறவிடும் இவ்வகை, தமிழ்நாட்டில் பெரும்பாலும் இரட்டைக்குழல் துப்பாக்கி என்ற பெயராலேயே அறியப்படுகிறது. (இலங்கைத் தமிழில் துப்பாக்கியைப் பொதுவாகத் துவக்கு என்பர்.)

தோட்டா வெடிக்கும் முறை

ஈயரவைத் தோட்டா ஓர் உருளை. அதன் அடிப்பகுதி பித்தளையாலோ பித்தளை பூசிய எஃகாலோ ஆனது. மேலுறை முன்னர் தடித்த காகிதத்தால் செய்யப்பட்டது, இப்போது பெரும்பாலும் நெகிழியால் செய்யப்படுகிறது. அடியின் நடுவில் எரியூட்டி எனப்படும் சிறு உலோகக் கிண்ணம் பொருத்தப்பட்டிருக்கும். அதனுள் தட்டினாலே தீப்பற்றும் வேதிக்கலவை மிகச் சிறிதளவு இருக்கும். எரியூட்டிக்கு மேல் வெடிமருந்து, அதற்கு மேல் அடைப்பு, அதற்கும் மேல் ஈயரவை.

விசையை இழுத்ததும் குதிரை விடுபட்டு, அடியூசியைத் தோட்டாவின் பின்புறத்தில் மோதச் செய்கிறது. ஊசியின் மோதலில் எரியூட்டிக் கலவை நசுங்கித் தீப்பொறி கக்குகிறது. அப்பொறி வெடிமருந்தைப் பற்றவைக்க, உண்டாகும் வளிமம் அடைப்பையும் ரவையையும் குழலின் வழியே தள்ளுகிறது. இவை அனைத்தும் நொடியின் மிகச் சிறு பகுதியில் முடிந்துவிடும். விசை, குதிரை, ஊசி, எரியூட்டி, வெடிமருந்து ஆகிய ஐந்தும் ஒரு சங்கிலியின் கண்ணிகள். எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியில் கேட்பது அதே "டக்" ஒலிதான். எனவே ஒலியை வைத்துக் காரணத்தைக் கூற இயலாது.

காரணத்தைக் கண்டறிதல்

வெளியே எடுத்த தோட்டாவின் எரியூட்டியைப் பார்த்தாலே பெரும்பாலும் காரணம் விளங்கும். அதில் ஊசி ஆழமாகப் பதிந்திருந்தும் வெடிக்கவில்லையெனில் குறை தோட்டாவினுடையது: கலவை ஈரத்தில் நனைந்திருக்கலாம், அல்லது அதனுள் எண்ணெய் கசிந்திருக்கலாம். துப்பாக்கியை நன்றாகப் பேணுவதாக எண்ணிக்கொண்டு தோட்டாக்களுக்கும் எண்ணெய் தடவி வைப்போர் உண்டு. ஊடுருவும் தன்மையுள்ள எண்ணெய் எரியூட்டியின் விளிம்பு வழியே உட்புகுந்து கலவையைச் செயலிழக்கச் செய்யும் என்பதால், அது பேணுதல் ஆகாது.

பதிவு ஆழமற்றிருந்தால் குறை துப்பாக்கியில் உள்ளது. சுருள்வில் தளர்ந்திருக்கலாம், ஊசிமுனை தேய்ந்தோ உடைந்தோ இருக்கலாம், பழைய எண்ணெய் பிசின்போல் இறுகி ஊசியின் வேகத்தைக் குறைத்திருக்கலாம். குளிர் மிகுந்த இடங்களில் இக்கடைசிக் காரணமே அடிக்கடி காணப்படுவது. பதிவே இல்லையெனில், காப்புப் பொத்தான் விடுவிக்கப்படவில்லை, துப்பாக்கி முழுமையாக மூடப்படவில்லை, அல்லது ஊசி முற்றாக முறிந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

சக்கிமுக்கிக்கல் காலம்

தோட்டா வருவதற்கு முன்னர் துப்பாக்கிகள் குழலின் வாய்வழியே மருந்திட்டுக் கெட்டிக்கப்பட்டன. குழலின் பக்கத்திலிருந்த சிறு கிண்ணியில் கொஞ்சம் மருந்து வைத்து, சக்கிமுக்கிக்கல் எஃகில் உரசும் பொறியால் அதைப் பற்றவைப்பர். அத்தீ சிறு துளை வழியே உள்ளே சென்றாக வேண்டும். கிண்ணி மருந்து மட்டும் பளிச்சென எரிந்து அடங்கிவிடுவது அன்றாட நிகழ்வு. மழை நாளிலோ கிண்ணி மருந்தே எரியாது.

இதற்கு மாற்றுக் கண்டவர் போர்வீரர் அல்லர், பறவை வேட்டையில் நாட்டமுடைய ஒரு பாதிரியார் என்பது சுவையானது. இசுக்காட்லாந்தில் அபர்தீனுக்கு அருகிலுள்ள பெல்எல்வி என்ற ஊரின் அலெக்சாண்டர் ஃபோர்சைத், கிண்ணியில் எழும் ஒளியைக் கண்டு, ரவை வந்து சேரும் முன்பே பறவைகள் தப்பிவிடுவதைக் கவனித்தார். தட்டினால் தீப்பற்றும் கலவையைப் பயன்படுத்தும் முறைக்கு 1807 இல் காப்புரிமை பெற்றார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இம்முறை சிறு செப்புத் தொப்பியாகச் சுருங்கியது. நம் ஊர்களில் கேப்பு எனப்பட்டது இத்தொப்பியே. நரிக்குறவர் பறவை வேட்டைக்குக் கொண்டுசென்ற நாட்டுத் துப்பாக்கிகளும் இவ்வகையைச் சேர்ந்தவை.

1834 இல் இங்கிலாந்தின் உல்விச்சில் இருவகைத் துப்பாக்கிகளையும் தலா 6000 முறை சுட்டு ஒப்பிட்டனர். சக்கிமுக்கித் துப்பாக்கி 922 முறை சுடத் தவறியது. கேப்புத் துப்பாக்கி 36 முறை மட்டுமே தவறியது. அதாவது முன்னது ஏறக்குறைய ஆறரை முறைக்கு ஒன்று, பின்னது 166 முறைக்கு ஒன்று. ஆயினும் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களிடம் பழைய வகையே நெடுநாள் நீடித்தது.

கன்டோனில் சென்னைச் சிப்பாய்கள், 1841

அதன் விளைவு முதலாம் அபினிப் போரில் வெளிப்பட்டது. 1841 மே 30 அன்று சீனாவின் கன்டோன் (இன்றைய குவாங்சௌ) நகருக்கு வடக்கே, சான்யுவான்லி என்ற ஊரை அடுத்த வயல்வெளியில், சென்னைச் சுதேசிக் காலாட்படையின் 37 ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த ஒரு கம்பெனி மற்றப் படையிடமிருந்து பிரிந்துவிட்டது. இடியுடன் பெருமழை பெய்துகொண்டிருந்தது. ஈட்டிகள் ஏந்திய ஆயிரக்கணக்கான ஊர்மக்கள் சூழ்ந்துகொண்டனர். சிப்பாய்களிடம் இருந்தவை சக்கிமுக்கித் துப்பாக்கிகள். மருந்து நனைந்துவிட்டதால் அவற்றைச் சுட முடியவில்லை.

அவர்கள் சதுரமாக அணிவகுத்து, துப்பாக்கி முனைக் கத்திகளை மட்டுமே நம்பி நின்றனர். ஈட்டி அக்கத்தியைவிட நீளமானது என்பதை எண்ணிப் பார்த்தால் அவர்களின் நிலை விளங்கும். ஒரு கம்பெனி திரும்பி வரவில்லை என அறிந்ததும், கேப்புத் துப்பாக்கிகள் கொண்ட இரண்டு கடற்படைக் காலாள் கம்பெனிகளைத் தளபதி இயூ கஃப் அனுப்பினார். அதே மழையில் அவர்களின் துப்பாக்கிகள் வெடித்தன, கூட்டம் கலைந்தது. சிப்பாய்களில் உயிரிழந்தோரும் படுகாயமுற்றோரும் இருந்தனர். சீன வரலாற்றில் இந்நிகழ்வு, அயலாரின் படையெடுப்பை ஊர்மக்களே எதிர்த்து நின்ற முதற் போராட்டங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. துப்பாக்கியின் வரலாற்றை எழுதுவோர் இதை வேறு காரணத்துக்காக நினைவில் கொள்கின்றனர்: ஒரே நாளில், ஒரே மழையில், இரு பொறிமுறைகளும் அருகருகே சோதிக்கப்பட்டன.

நீலகிரியும் மசினகுடியும்

மசினகுடி, நீலகிரி மலையின் வடக்கு அடிவாரத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஊட்டியின் உயரம் ஏறத்தாழ 2240 மீட்டர். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் சிறிது நேரத்திலேயே குளிர்ந்த மலைமுகட்டிலிருந்து வெப்பமான முட்காட்டுக்கு வந்துவிடலாம். சாம்பல் காட்டுக்கோழியும் மயிலும் மிகுந்த இவ்வட்டாரம் ஆங்கிலேயர் காலத்தில் வேட்டைக்குப் பெயர்பெற்றிருந்தது. வரம்பற்ற வேட்டையால் விலங்குகள் குறையவே, 1877 இல் வேட்டை விலங்குகளைக் காப்பதற்கென ஒரு சங்கமும், 1879 இல் நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டமும் தோன்றின. முதுமலை 1940 இல் காட்டுயிர்ப் புகலிடமாயிற்று. 2007 இல் புலிகள் காப்பகமாயிற்று.

இத்தகைய உயர வேறுபாடு துப்பாக்கிக்கு உகந்ததன்று. இரவு முழுதும் ஊட்டிக் குளிரில் கிடந்த எஃகை அடிவாரத்துக்குக் கொண்டுவந்தால், அங்குள்ள காற்றின் ஈரம் அதன்மேல் பனித்துளியாகப் படியும். குளிரூட்டிய பேருந்திலிருந்து சென்னை வெயிலில் இறங்குபவரின் மூக்குக்கண்ணாடி மங்குவதும் இதனால்தான். வெளிப்புற ஈரத்தைத் துணியால் துடைத்துவிடலாம். பூட்டுப்பகுதியின் உள்ளே, ஊசியும் சுருள்வில்லும் இருக்குமிடத்தில் படிந்த ஈரத்தைத் துடைக்க இயலாது. அது துருவாகி, பல நாள் கழித்து ஒரு காலையில் ஊசியைத் தடுத்து நிறுத்தும். காகித உறைத் தோட்டாக்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: ஈரத்தில் ஊதிப் பெருத்து, குழலின் அறைக்குள் நுழையவே மறுக்கும்.

இரட்டைக்குழல் துப்பாக்கியை அக்கால வேட்டைக்காரர் விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் இரு குழல்களுக்கும் தனித்தனிக் குதிரையும் ஊசியும் உண்டு. ஒன்று தவறினாலும் மற்றது முற்றிலும் வேறான சங்கிலி. பொறியியலில் மாற்று ஏற்பாடு எனப்படும் கருத்துக்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இந்தியாவில் காட்டுயிர் வேட்டை 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது. 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், பயிர்க் காவலுக்கென வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க இடமளிக்கிறது. ஆனால் அவ்வுரிமம் வேட்டைக்கான அனுமதி அன்று. இன்று மசினகுடிக் காட்டில் சட்டப்படி ஒலிக்கும் துப்பாக்கிகளுள் மயக்க ஊசித் துப்பாக்கி குறிப்பிடத்தக்கது. 2021 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் டி-23 எனப் பெயரிடப்பட்ட புலியை வனத்துறையினர் மூன்று வாரங்கள் தேடி, அக்டோபர் 15 அன்று மசினகுடி அருகே உயிருடன் பிடித்தனர். மயக்க ஊசித் துப்பாக்கியின் தவறல் வேறு வகையானது. ஊசியை உந்தும் வளிமத்தின் அழுத்தம் குறையலாம். உடலில் தைத்த ஊசி மருந்தைச் செலுத்தாமலே விழுந்துவிடலாம். சுட்டவருக்குத் தாம் தவறினோமா, கருவி தவறியதா என்பது உடனே தெரியாது. விலங்கு மயங்குகிறதா எனக் காத்திருந்தே அறிய வேண்டும்.

வான்கோழி வேட்டையும் மெல்ல மூடுதலும்

வேட்டை சட்டப்படி நடைபெறும் நாடுகளில், சுடத் தவறல் பற்றி மிகுதியாகப் பேசப்படுவது வட அமெரிக்காவின் வசந்தகால வான்கோழி வேட்டையிலாகும். வான்கோழி, மயிலும் காட்டுக்கோழியும் அடங்கிய அதே பறவைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேட்டைக்காரர் மரத்தடியில் அசையாமல் அமர்ந்து, பெட்டைபோல் குரலெழுப்பிச் சேவலை அருகில் வரவழைப்பார். ஒருமுறை "டக்" ஒலித்தால் அக்காலை முழுதும் வீண்.

இங்கே காரணம் பெரும்பாலும் ஈரமன்று, அமைதி. விடியலில் ஓசை எழாதிருக்கத் தானியங்கித் துப்பாக்கியின் பூட்டைக் கையால் பிடித்து மெல்ல மூடுவர். சுருள்வில்லின் முழு வேகத்தில் மூடுமாறு வடிவமைக்கப்பட்ட பூட்டு, மெல்ல விடப்பட்டால் கடைசிச் சில பாகை திரும்பாமல் நின்றுவிடும். பார்வைக்கு மூடியதுபோலவே தோன்றும். ஊசியோ எரியூட்டியைச் சென்றடையாது. மூடிய பின் பூட்டின் கைப்பிடியை ஒருமுறை முன்னோக்கி அழுத்திப் பார்ப்பதே இதற்கு மாற்று.

தவறிய பின் நேரும் ஆபத்து

வெடிக்காத தோட்டா செத்த தோட்டா அன்று. எரியூட்டி தட்டப்பட்டும் வெடிமருந்து தாமதமாகப் பற்றிக்கொள்வது உண்டு. இது தாமத வெடி எனப்படும். தாமதம் பெரும்பாலும் நொடிக்கும் குறைவானதே. ஆயினும் அதற்குள் துப்பாக்கியைத் திறந்தவரின் முகத்தருகே, எஃகுச் சுவரின் தாங்குதலின்றித் தோட்டா வெடிக்கும். ஆகவே குழலைப் பாதுகாப்பான திசையிலேயே நீட்டி, குறைந்தது 30 நொடிகள் காத்திருந்து பின்னர் திறக்க வேண்டும் எனப் பயிற்சி நூல்கள் கூறுகின்றன. கேப்புத் துப்பாக்கிக்கு இன்னும் கூடுதலான நேரம் தேவை. குழலின் வாயில் கண்ணை வைத்துப் பார்ப்பது எக்காரணத்தாலும் கூடாது.

சுடத் தவறல்போலத் தோன்றும் வேறு நிகழ்வுகளும் உள்ளன. வழக்கத்தைவிட மெலிந்த ஒலி கேட்டால், மருந்து அரைகுறையாக எரிந்து, அடைப்பு குழலுக்குள்ளேயே தங்கியிருக்கலாம். அதன்பின் இடப்படும் அடுத்த தோட்டா குழலைப் பிளந்துவிடும்.

இதனினும் கொடியது அளவு மாறிய தோட்டா. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் விட்டம் 12 போர் துப்பாக்கியின் குழல் விட்டம் ஆகும். ஆகவே எண் கூடக் குழல் குறுகும். 20 போர் தோட்டாவைத் தவறுதலாக 12 போர் துப்பாக்கியில் இட்டால், அது அறையில் நில்லாமல் முன்னே நழுவி, குழல் குறுகத் தொடங்கும் இடத்தில் சிக்கிக்கொள்ளும். விசையை இழுத்தால் "டக்" ஒலிக்கும். திறந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். தோட்டா இட மறந்துவிட்டோம் என எண்ணத் தோன்றும். இப்போது 12 போர் தோட்டாவை இட அது சரியாகப் பொருந்தும், துப்பாக்கியும் இயல்பாக மூடும். சுட்டால் முன்னே சிக்கிய தோட்டாவும் சேர்ந்து வெடித்து, குழலைத் தாங்கிய கைக்கு நேர் மேலே எஃகு பிளக்கும். இக்குழப்பத்தைத் தவிர்க்கவே இக்காலத்து 20 போர் தோட்டாக்களின் உறை மஞ்சள் நிறத்தில் செய்யப்படுகிறது. பழைய காகிதத் தோட்டாக்களில் இந்நிற ஒழுங்கு இல்லை. அவற்றின் அடியில் பொறித்த எண்ணைப் படித்தே அளவை அறிய வேண்டும்.